ஊற்று வேலைக்குக் கூப்பிடாத வீடு

1

எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில் அந்தச் சின்னப் புத்தகம் வந்து விழுந்தது. அனுப்பியது அரசாங்கம். வெள்ளம் வந்தால், மின்சாரம் நின்றால், யுத்தமே வந்தால், மூன்று நாளைக்கு யார் உதவியும் இல்லாமல் சமாளிக்க வீட்டில் என்னென்ன எடுத்து வைக்க வேண்டும் என்று விளக்கும் புத்தகம். தண்ணீர், டார்ச், ரேடியோ, போர்வை. நெதர்லாந்துக்காரர்கள் எதையும் திட்டம் போட்டுச் செய்கிறவர்கள். பயப்படுவதைக்கூடத் திட்டம் போட்டுத்தான் பயப்படுவார்கள்.

நாங்கள் இருக்கும் ஊர் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. ஏற்காட்டு மலையில் பிறந்தவன் போயும் போயும் கடலுக்குக் கீழே வீடு வாங்கியிருக்கிறான் என்று சேலத்தில் என்னோடு படித்தவர்கள் இன்னும் கேலி செய்கிறார்கள். கேலி பழகிவிட்டது. ஆனால் அன்று புத்தகத்தைப் படித்து முடித்ததும் கொஞ்சம் உதறல் எடுத்தது. கடைக்குப் போய்த் தண்ணீர் பாட்டில்களை வாங்கி வந்து மாடிப்படிக்குக் கீழே அடுக்கினேன். மனைவி சிரித்தாள். மகள் மீரா சிரிக்கவில்லை.

மீராவுக்குப் பதினாறு வயது. இவர்கள் வாயில் சுலபமாக நுழையும் என்றுதான் அந்தப் பெயரை வைத்தோம். இப்போது எங்கள் வாயில்தான் அவள் நுழைவதில்லை. ஊர்வலங்களுக்குப் போகிறாள், இறைச்சி தின்பதில்லை, விமானத்தில் ஏற மாட்டேன் என்கிறாள். அவளுடைய தமிழில் எல்லோரும் ‘நீ’, எல்லோரும் ‘அது’.

“அத்தையும் இப்படித்தான் பண்ணுது. குடிக்க ஊத்துத் தண்ணிய தினமும் சேத்து வைக்குது. அதுக்கு யாரும் புக் அனுப்பலையே?” என்றாள்.

அத்தை என்றால் என் அக்கா சரசு. ஏற்காட்டில் எங்கள் பழைய வீட்டில் மாமாவோடு இருக்கிறாள்.

“அங்க மழை குறைஞ்சு போச்சும்மா. உலகம் சூடாகுது, ஊத்து வத்திப்போச்சு” என்றேன். அந்தப் பதிலை நான் எப்போதும் தயாராக வைத்திருந்தேன். மீராவுக்கும் அது பிடித்த பதில்தான். ஆனால் அன்று அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

2

ஏற்காட்டுக்கு ஒரு நாள் வந்து, ஏரியில் படகு விட்டு, மிளகாய் பஜ்ஜி தின்று, இருட்டுவதற்குள் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிவிடும் உங்களுக்கு எங்கள் ஊரைத் தெரிந்திருக்க நியாயமில்லை. கரடியூர் போகும் பஸ்ஸில் பாதியில் இறங்கி, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே நடந்தால் வரும். ஊருக்குக் கீழே சரிவில், பலா மரங்களுக்கு அடியில் ஓர் ஊற்று இருக்கிறது. ஊருக்கே அதுதான் தண்ணீர்.

அந்த ஊற்றை வருடத்துக்கு இரண்டு முறை தூர்வாருவார்கள். காப்பி எடுத்து முடிந்ததும் ஒரு முறை, ஐப்பசி மழைக்கு முன் ஒரு முறை. முதல் நாள் சாயங்காலம் ஒருவர் தெருத் தெருவாகப் போய், “நாளைக்கு ஊத்து வேலைங்கோ, ஊட்டுக்கு ஒரு ஆளு” என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொல்வார். மறுநாள் காலையில் வீட்டுக்கு ஒருவர் கூடையோடு வந்து வரிசையில் நிற்பார்கள். பள்ளத்தில் இறங்கியவர் சேற்றை அள்ளிக் கொடுக்க, கூடை கை மாறிக் கை மாறி மேலே போகும். கூலி கிடையாது, குத்தகை கிடையாது. பெரிய தோட்டக்காரர், ஒரு சென்ட் நிலக்காரர் என்ற பேதமும் கிடையாது.

அந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்கள் மலை விவசாயிகள். நாங்கள் அப்படியல்ல. அப்பா ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து நாகலூரில் ஓர் எஸ்டேட்டுக்குக் கணக்கெழுதும் ரைட்டராக வந்தவர். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்து இந்த ஊரில் கொஞ்சம் நிலம் வாங்கி வீடு கட்டினார். ஊரார் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் ஊற்று வேலைக்குச் சொல்லிக்கொண்டு வருகிறவர் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போவார். நாங்கள் பிழைக்க வந்தவர்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

ஒரு வருடம் அந்த மனிதர் எங்கள் வாசலில் நின்றார். “ரைட்டரே, நாளைக்கு ஊத்து வேலை. உங்க ஊட்டுல இருந்து ஒரு ஆளு” என்றார். அப்பா உடனே சட்டையை மாட்டிக்கொண்டு ஏற்காட்டுக் கடைத்தெருவுக்கு ஓடிப் புதுக் கூடை வாங்கி வந்தார். பட்டா, ரேஷன் கார்டு எல்லாம் அதற்கு முன்பே எங்களிடம் இருந்தன. ஆனால் அன்றுதான் அவர் இதை ‘நம்ம ஊரு’ என்று வாய்விட்டுச் சொன்னார். எனக்கு இந்த நாட்டில் குடியுரிமை கொடுத்த நாளில் மேயர் கைகுலுக்கினார், கேக் கொடுத்தார்கள், எல்லாம் ஆயிற்று. அப்பாவுக்கு அன்று இருந்த முகம் எனக்கு இல்லை.

3

இங்கே வீட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் எடுக்க ஒரு சின்னக் குழாய் இறக்கலாம் என்று ஒருமுறை ஆசைப்பட்டேன். எவ்வளவு ஆழம், எவ்வளவு எடுப்பீர்கள், பக்கத்தில் யாருக்காவது பாதிப்பு வருமா என்று கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். பதில் எழுதினால் அதற்கும் ஒரு கேள்வி வரும். கடைசியில் எல்லாம் சரி என்று கடிதம் வந்தபோது செடிகள் கருகிப்போய்க் குளிர்காலமே வந்துவிட்டது. எங்கள் நாட்டில் இப்படி இழுத்தடிக்க மாட்டார்கள் என்று அலுவலகத்தில் எல்லோரிடமும் அலுத்துக்கொண்டேன்.

அது உண்மை. எங்கள் நாட்டில் இழுத்தடிக்கவில்லை. அக்காவுக்கும் மாமாவுக்கும் ஒரு வருமானமாக இருக்கட்டும் என்று பழைய வீட்டைப் புதுப்பித்து, மேலே நாலு அறை எடுத்து ஹோம்ஸ்டே ஆக்கினேன். பெங்களூரிலிருந்து வருகிறவர்களுக்குக் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்ட வேண்டும். மலையில் ஆழ்துளைக் கிணறு தோண்ட அனுமதி வேண்டும் என்பது எனக்குத் தெரியும். “நான் பாத்துக்கறேன்” என்றார் மாமா. எப்படி என்று நான் கேட்கவில்லை. இரண்டே நாளில் வேலை முடிந்தது. எங்கள் வீடு ஊற்றுக்கு நேர் மேலே இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. நான்தான் சுற்றுச்சூழல் தெரிந்தவன் ஆயிற்றே! கரண்டு மோட்டார் வேண்டாம், புகையில்லாத, பாவமில்லாத சோலார் மோட்டார் போடலாம் என்று அடம்பிடித்துப் போட வைத்தேன். அதன் படத்தை அலுவலகத்தில் எல்லோருக்கும் காட்டினேன். தட்டிக் கொடுத்தார்கள். கரண்டு மோட்டார் என்றால் பில்லுக்குப் பயந்தாவது அக்கா நிறுத்தியிருப்பாள். இதை நிறுத்த யாருக்கும் ஒரு காரணமும் இல்லை. வெயில் அடித்த நேரமெல்லாம் அது பாட்டுக்கு ஓடியது. தொட்டி நிறைந்து வழிந்து புல்தரைக்குப் போனது.

“போரு போட்டதுல இருந்து ஊத்துல தண்ணி கொறையுதாட்டம் இருக்குது தம்பி” என்று அக்கா ஒரு நாள் போனில் சொன்னாள். மழை இல்லையல்லவா, அதுதான் என்று சொல்லிவிட்டு, மாமாவின் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அக்கா புரிந்துகொண்டாள். அதற்குப் பிறகு அவள் ஊற்றைப் பற்றிப் பேசவே இல்லை.

மழை குறைந்திருந்ததும் பொய்யில்லை. உலகம் சூடாவதும் பொய்யில்லை. அவ்வளவு பெரிய உண்மைக்குப் பின்னால் என்னைப் போன்ற ஒருவன் ஒளிந்துகொள்ள எவ்வளவோ இடம் இருக்கிறது.

4

மார்ச் மாதம் மீராவின் பள்ளியில் ஒரு மாலைக் கூட்டம். தண்ணீரும் நாட்டின் பாதுகாப்பும் என்று தலைப்பு. பெற்றோரும் வரலாம். மனைவிக்கு வேலை இருந்ததால் நான் மட்டும் போனேன். ராணுவ விவகாரங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் பேசினார். நல்ல மனிதர்தான், குரலை உயர்த்தவே இல்லை. திரையில் உலக வரைபடம் காட்டினார். ஆபத்தான இடங்களுக்குச் சிவப்பு நிறம். நம் இந்தியப் பக்கம் முழுவதும் சிவப்பு. அங்கே தண்ணீர் வற்றும், வற்றினால் சண்டை வரும், சண்டை வந்தால் மக்கள் கிளம்புவார்கள், கிளம்பினால் இங்கேதான் வருவார்கள், அதற்கு நாம் தயாராக வேண்டும் என்றார். நம் பக்கத்திலிருந்து ஐரோப்பாவுக்குத் தடித்த அம்புக்குறி ஒன்று போட்டிருந்தார்கள். பக்கத்து நாற்காலி அம்மாள் என்னைப் பார்த்து வருத்தமாகச் சிரித்தார்.

எனக்குச் சுருக்கென்றது. வேலை உத்தரவோடும் இரண்டு பெட்டியோடும் முறையாக வந்து இறங்கியவன் நான். என் அக்காவோ இந்தக் குளிரில் ஒரு வாரம் தாங்க மாட்டாள். எழுந்துவிட்டேன். கோபம் வந்தால் என் டச்சு தாறுமாறாகிவிடும், வழக்கமாக மீரா தலையைக் குனிந்துகொள்வாள். அன்று அவள் குனியவில்லை.

“புகை விட்டது நீங்கள். வற்றியது எங்கள் ஊற்று. இப்போது எங்களையே ஆபத்து என்று வரைபடம் போட்டுக் காட்டுகிறீர்கள்” என்றேன். எங்கள் ஊற்றைப் பற்றிச் சொன்னேன். வீட்டுக்கு ஒரு ஆள் வந்து சேறு அள்ளுவதைச் சொன்னேன். தண்ணீருக்காக நாங்கள் சண்டை போடுவதில்லை, சேர்ந்து நிற்கிறோம் என்றேன். அரங்கமே கை தட்டியது. பேச வந்தவரும் தலையாட்டித் தட்டினார். அவ்வளவு கைதட்டலை என் வாழ்நாளில் நான் வாங்கியதில்லை.

அப்போது ஆசிரியை எழுந்து, இதற்குப் பொருத்தமாக மீரா ஒரு வீடியோ கொண்டுவந்திருக்கிறாள், இவருடைய அக்காவே அந்த ஊற்றின் பக்கத்தில் நின்று பேசுகிறார், அப்பா மொழிபெயர்ப்பார் என்றார். எனக்கு அதுவரை வீடியோ விஷயமே தெரியாது. திரையில் அக்கா வந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பள்ளத்தைக் காட்டினாள்.

“இத பாரு கண்ணு, இதான் நம்மூரு ஊத்து. முன்னெல்லாம் சித்திரையிலகூட கொடம் முங்கும். இப்ப செம்பு முங்க மாட்டேங்குது. வெயிலு நொம்பத்தான், இல்லைங்கல. ஆனா முன்னயும் வெயிலு அடிச்சுதுதான, அப்பெல்லாம் ஊத்து வத்தலியே! இது நம்ம ஊட்டு போரு உறிஞ்சுன தண்ணி சாமி. ஊருக்கே தெரியும். ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்கல. ஆனா இந்தத் தடவ ஊத்து வேலைக்கு எல்லா ஊட்டுலயும் சொன்னாங்க, நம்ம ஊட்டத் தாண்டிப் போயிட்டாங்க. நான் கூடைய எடுத்து வெச்சுக்கிட்டு வாசல்லயே ஒக்காந்திருந்தேன். அப்பாகிட்டச் சொல்லாத கண்ணு, வருத்தப்படுவான்.”

வீடியோ நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா என்ன சொல்கிறார் என்று ஆசிரியை அன்பாகக் கேட்டார்.

“மழை பொய்த்துவிட்டதாம். வெயில் அதிகமாகிவிட்டதாம். ஊரே சேர்ந்து ஊற்றைத் தூர்வாருகிறதாம். உங்கள் எல்லோருக்கும் வணக்கம் சொல்லச் சொன்னாள்” என்றேன்.

மறுபடியும் கை தட்டினார்கள். மீரா மட்டும் தட்டவில்லை.

5

சைக்கிளில் வீடு திரும்பினோம். வீட்டுக்குள் வந்து ஷூவைக் கழற்றும்போதுதான் சொன்னாள்.

“அத்தை வணக்கம் சொல்லல.”

“உனக்கு எல்லாம் புரிஞ்சுதா?”

“புரியாதது எல்லாம் அத்தைகிட்ட திருப்பித் திருப்பிக் கேட்டேன்.”

“தெரிஞ்சேவா போட்ட? அத்தை சொல்லாதன்னு சொல்லுச்சே?”

“நீயே உண்மையச் சொல்லுவேன்னு நெனச்சேன்” என்றாள். மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவளை அடித்திருந்தாலாவது அது ஒரு தகப்பன் செய்கிற தப்பாக இருந்திருக்கும். நான் செய்தது அதைவிடக் கேவலம். என் அக்காவின் வாயில் அவள் சொல்லாததை வைத்தேன். அதுவும் அவள் வாசலில் கூடையோடு உட்கார்ந்திருந்த கதையைக் கேட்ட அடுத்த நொடியில்! கண்ணாடி முன்னால் நின்று முகம் கழுவக்கூட எனக்குக் கூச்சமாக இருந்தது.

சில நாள் கழித்து ஆசிரியையைப் பார்த்து உண்மையைச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் உங்களையே மிகவும் தண்டித்துக்கொள்கிறீர்கள், ஒரு குழாயால் என்ன ஆகிவிடும், காரணங்கள் உலகளாவியவை, இதைப் போய்ச் சொன்னால் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள் என்றார். அவர்களுடைய வரைபடத்தில் நான் ஒன்று ஆபத்தாக இருக்கலாம், இல்லையென்றால் பாதிக்கப்பட்டவனாக இருக்கலாம். ஊர்த் தண்ணீரை உறிஞ்சியவனாக இருக்க அதில் இடமில்லை.

அக்காவுக்குப் போன் செய்தேன். மோட்டாரை நிறுத்திவிடலாம் என்றேன்.

“நிறுத்துனா ஹோம்ஸ்டேக்கு ஆளு வராதேப்பா” என்றாள்.

“வராதுதான். அக்கா, நீ என்ன சொல்ற?”

“நிறுத்திரு தம்பி. நான் எஸ்டேட் வேலைக்குப் போயிக்கறேன். சண்டைக்கு வந்திருந்தாக்கூடத் தாங்கிக்குவேன். எதுத்தாப்புல வர்றவங்கெல்லாம் நல்லாருக்கியா சரசுன்னு கேட்டுட்டுப் போறாங்க. அதத்தான் என்னால தாங்க முடியல.”

மோட்டாரைக் கழற்றி, குழாய்க்கு மூடி போட்டார்கள். மாதச் செலவுக்கு நான் அனுப்புகிறேன் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் அக்கா இந்த வயதில் நாகலூர்ப் பஸ்ஸில் எஸ்டேட் வேலைக்குப் போக ஆரம்பித்தாள்.

6

ஐப்பசி ஊற்று வேலைக்கு நானே போவது என்று முடிவு செய்தேன். “மன்னிப்புக் கேக்கறதுக்குப் ப்ளேன்ல பறந்து போறியா?” என்றாள் மீரா. கடைசியில் அவளும் வந்தாள், எனக்காக இல்லை, அத்தைக்காக என்று சொல்லிக்கொண்டுதான் வந்தாள்.

போய்ச் சேர்ந்த மறுநாள் சாயங்காலம் தெருவில் குரல் கேட்டது. சொல்லிக்கொண்டு வந்தவன் அண்ணாமலை. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் என்னோடு உட்கார்ந்தவன். எஸ்டேட் ஆரஞ்சைத் திருடித் தின்று ஒன்றாக உதை வாங்கியிருக்கிறோம். அக்கா அடுப்படியில் கரண்டியைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றாள். பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டான். காலடிச் சத்தம் எங்கள் வாசலுக்கு வந்து நின்றது.

“சரசக்கா, நாளைக்கு ஊத்து வேலை. ஊட்டுக்கு ஒரு ஆளு.”

அக்கா வாசலுக்கு வந்து, “சரி அண்ணாமல” என்றாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் வாசலுக்கு வந்தேன்.

“அட, எப்ப வந்தீங்க? நொம்ப எளச்சுட்டீங்களே” என்றான் அண்ணாமலை.

“அக்காவுக்கு முழங்கால் வலி. நாளைக்கு நம்ம ஊட்டுல இருந்து நான் வர்றேன்” என்றேன்.

“வாங்க வாங்க” என்று சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.

காலையில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடையோடு இறங்கினேன். அக்கா என் பேச்சைக் கேட்காமல் தன் கூடையோடு முன்னாலேயே வந்து நின்றிருந்தாள். பள்ளத்தில் சேற்றுக்கு நடுவே லேசாகக் கசிவு தெரிந்தது. முழுசாக வருமா என்று யாருக்கும் தெரியாது. நான் வரிசையின் கடைசியில் போய் நின்றேன். அண்ணாமலை ஓடி வந்து என் கையிலிருந்த கூடையை மெல்ல வாங்கினான்.

“ஏனுங்க, நீங்க போயி இதெல்லாம்... குடுங்க இப்படி.”

யாரோ மேலேயிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சரிவில் இறங்கி வந்தார். பலா மரத்தடியில் கல்லை முட்டுக்கொடுத்து ஆடாமல் போட்டார்கள்.

“அண்ணாமல, நான் மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன். என்னாலதான் இந்த ஊத்து...”

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. தண்ணி வாறதும் போறதும் சாமி செயலு. நீங்க ஒக்காருங்க. அவ்வளவு தூரத்துல இருந்து வந்தவங்கள மண்ணு சொமக்க வெச்சா நல்லாவா இருக்கும்?”

அவன் முகத்தில் கோபமே இல்லை. அவன் கோபத்துக்கு ஆளாகிற உரிமையைக்கூட எனக்குத் தரவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. உட்கார்ந்தேன்.

“நீ சொல்லு, நான் எங்க நிக்கட்டும்?” என்று மீரா அண்ணாமலையைக் கேட்டாள். அவன் வாய்விட்டுச் சிரித்தான். என்னிடம் வாங்கிய கூடையை அவள் கையில் கொடுத்து, “அத்தை பக்கத்துல நில்லு கண்ணு” என்றான். வரிசை நகர்ந்து அவளுக்கு இடம் விட்டது. முதல் கூடைச் சேற்றிலேயே அவள் சட்டை நாசமாகிவிட்டது. அக்கா அவள் கையைப் பிடித்து, எப்படித் தாங்க வேண்டும் என்று காட்டினாள்.

ஊருக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண் அவளை வேடிக்கை பார்த்துவிட்டு, “இது ஆருங்க?” என்று கேட்டாள்.

“சரசக்கா ஊட்டுப் புள்ள” என்றான் அண்ணாமலை.

“சேர்ல ஒக்காந்திருக்கறவரு?”

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். ஆனாலும் எனக்குக் கேட்டது. “வெளிநாட்டுக்காரரு. ஊத்தப் பாக்க வந்திருக்காரு.”

அக்காவுக்கும் கேட்டிருக்க வேண்டும். திரும்பி என்னைப் பார்த்தாள். எழுந்து போய் அந்த வரிசையில் வம்படியாக நின்றுவிடலாம் என்று ஒரு கணம் வெறி வந்தது. நின்றிருந்தால் அவளுக்குத்தான் தலைகுனிவு. அதற்குள் அடுத்த கூடை வர, அவள் இரண்டு கையாலும் வாங்கி மீராவிடம் கொடுத்தாள். ஒருவர் எனக்குக் காப்பி கொண்டுவந்து நீட்டினார். உட்கார்ந்தபடியே வாங்கிக்கொண்டேன்.